அரைநூல் அளந்த பஸ் தூரம்

எங்கள் பட்டறையில் லேத்து ஓட்டுகிறவருக்கு அரைநூல் என்று பேர். நூல் என்பது எங்கள் தொழிலில் ஒரு அளவு. அதில் பாதி பிசகினாலும் இரும்பைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கடைவார். இருபத்திரண்டு வருஷமாக அவருக்குப் பக்கத்தில் நின்று வெல்டிங் வைக்கிறேன். மனுஷன் ஒரு நாள் லேட்டாக வந்து பார்த்ததில்லை. சிரித்தும் அவ்வளவாகப் பார்த்ததில்லை.

ஒரே மகள். கல்லூரியில் இடம் கிடைத்தது, கூடவே ஹாஸ்டலிலும் கிடைத்துத் தொலைத்தது. திங்கட்கிழமை பத்து மணிக்குள் அப்பாவே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் கட்டில் அடுத்த பெண்ணுக்கு.

"வீட்டுல உனக்கு என்ன குறைச்சல்?" ஒரு வாரமாக இதே கேள்வி.

"குறைச்சல் ஒண்ணும் இல்லப்பா. தூரந்தான்."

தூரம் என்றதும் அதையும் அளக்கக் கிளம்பிவிட்டார். எங்கள் வார லீவான வெள்ளிக்கிழமை கல்லூரி வாசல் வரைக்கும் போய் வந்து, மறுநாள் என் வெல்டிங் முகமூடியைத் தட்டினார்.

"ரெண்டு பஸ் மாறியும் நாப்பதே நிமிஷம்டா. இதுக்குப் போய் ஹாஸ்டலா?"

"எத்தனை மணிக்கு ஏறுனீங்க?"

"அஞ்சரைக்கு. வேற எப்ப ஏறுவாங்க?"

முதல் ஷிப்டுக்காரன் புத்தி. காலை என்றால் எங்களுக்கு அஞ்சரைதான். எட்டு மணி ரோடு எப்படி இருக்கும் என்று யார் கண்டது? நானும் பெரிய மனுஷன் மாதிரித் தலையாட்டினேன்.

மகள் விடவில்லை. "திங்கட்கிழமை எட்டு மணிக்கு என்கூட வாங்க. அப்புறம் சொல்லுங்க."

"வர்றேன். ஒம்பதுக்குள்ள போயிட்டோம்னா கையெழுத்து கிடையாது. பேச்சு மாறக்கூடாது."

பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். கிளம்பும்போது அவர் மனைவி, எனக்கு அண்ணி, என் காதோடு, "அப்பனும் மகளும் ஒரே பிடிவாதம். நீங்களாவது பாத்துக்குங்க தம்பி" என்றார்.

முதல் பஸ் நிற்கவே இல்லை. எட்டேகாலுக்கு வந்ததில் மகள் படியில் ஒரு காலை வைத்துக் கம்பியைப் பிடித்துத் தொங்கினாள். பின்னாலேயே நாங்கள் ஓடித் தொற்றினோம். பஸ் நகர்ந்தது, நின்றது, நின்றது. அரைநூல் வாட்சைப் பார்ப்பதும் மகளின் கையைப் பார்ப்பதுமாக இருந்தார். விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

நாற்பது நிமிஷம் ஆனபோது பஸ் மாறும் இடமே வரவில்லை.

"ஆட்டோ பிடிப்போம்ணே."

"ஆட்டோ என்ன பறந்தா போகும்?" என்று என் மேல் எரிந்து விழுந்தார். மகள் கம்பியில் கையை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

இரண்டாவது பஸ்ஸில் ஏறியபோது ஒன்பதரை. பத்துக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது, "எறங்கி ஓடலாம்பா" என்றாள். ஓடினோம். வார்டன் அம்மா அறைக்குள் நுழைந்தபோது பத்தேகால். மேஜைக்கு எதிரே வேறொரு பெண்ணின் அம்மா பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

"பத்துக்கு மூடியாச்சு சார்."

அரைநூல் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. "தப்பு என் மேலம்மா. பிள்ளை எட்டு நாளா சொல்லிட்டு இருந்துச்சு. அளந்தவன் நான்தான், தப்பா அளந்துட்டேன்."

வார்டன் அம்மாவுக்கு என்ன புரிந்ததோ, "எல்லாரும் ஒரு காரணம் சொல்றாங்க" என்றார். எதிரே பேனாவோடு இருந்த அம்மா தலையைத் தூக்காமல் கையெழுத்துப் போட்டார்.

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "காத்திருக்கிறவங்க லிஸ்ட்ல போடுவீங்களா மேடம்?"

"ஏழாவதா வரும். வீட்டுல சம்மதமா?"

அரைநூல் சம்மதத் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கினார். ஒரு வரி படிக்கவில்லை. மைக்ரோமீட்டர் பிடித்து அளக்கிற கை போட்ட கையெழுத்து, கோட்டைத் தாண்டிக் கோணல்மாணலாக விழுந்தது.

வெளியே வந்ததும் சொன்னார்: "நாளையிலேருந்து நான் ரெண்டாவது ஷிப்டு. காலையில உன்கூட வர்றேன்."

"எத்தனை நாளைக்குப்பா?"

"எடம் கிடைக்கிற வரைக்கும்."

மகள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"வாங்க. ஆனா படியில நிக்காதீங்க. உங்களுக்கு வராது."