மாலதிக்கு எங்கள் அக்கா என்ன முறை

எங்கள் அக்கா மறைந்து இன்றோடு முப்பத்தொரு நாள். அவரை நினைத்து மதிய போசனத்துக்கு வந்திருக்கும் உங்கள் கையில் இந்த நினைவு மலரைத் தருகிறோம். நான் அக்காவின் கடைசித் தம்பி. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். எழுத்துப் பிழைகளை மாலதி திருத்தித் தந்தாள். விடயத்தில் அவள் கை வைக்கவில்லை.

அக்கா மண்டூரில் பிறந்தார். அம்மா காலமானபோது அவர் சிறு பிள்ளை. அடுப்பும், அண்ணனும், நானும் அவர் பொறுப்பானோம். அவர் பள்ளிக்கூடம் போனதே இல்லை. கல்யாணம் முடித்து மகன் ரமணன் கைக்குழந்தையாக இருக்கும்போதே அத்தானையும் இழந்தார். நெல் அவித்துக் குத்தி அரிசி விற்று வீட்டை நடத்தினார். சண்டை நடந்த பிரச்சினைக் காலத்தில் இரண்டு முறை வாவியைக் கடந்து ஓடினோம். இரண்டு முறையும் நாங்கள் உடுப்பை எடுத்தோம். அக்கா நெல் அவிக்கும் கிடாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அண்ணன், அக்காவுக்கு மூத்த தம்பி, மலேசியாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவர். அங்கே வேலைக்கு வந்திருந்த இந்தோனேசியப் பெண்ணை மணந்தார். ஒரு பெண் பிள்ளை பிறந்தது. மெலாத்தி என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் மொழியில் மல்லிகைப் பூவாம். பிறகு அண்ணன் வேலைத் தளத்தில் விழுந்து இறந்துபோனார். அண்ணிக்கு அந்த நாட்டில் இருப்பதற்குச் சரியான பத்திரங்கள் இல்லை. அதனால் பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சேர்க்க முடியவில்லை. அண்ணி வேலைக்குப் போகும்போது பிள்ளையை அறைக்குள் விட்டுப் பூட்டிவிட்டுப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் அக்கா சொன்னது ஒன்றுதான்.

"எண்ட தம்பிட புள்ள என்னப்போல எழுத்துத் தெரியாம இரிக்கக் கூடாது."

கொழும்பைத் தாண்டாத அக்கா விமானம் ஏறினார். பத்திரங்களுக்காக அவர் அலைந்ததை எழுதினால் இந்த மலர் போதாது. எட்டு வயதுப் பிள்ளையோடு திரும்பி வந்தார்.

குருமண்வெளித் தோணித் துறையில் நான்தான் அவர்களைப் பார்த்துக் கூட்டி வந்தேன். வீடு நிறைய அயலவர்கள். பிள்ளை அக்காவின் சேலையைப் பிடித்தபடி நின்றாள். கொஞ்ச நேரத்தில், "மாக்கான், மாக்கான்" என்றாள்.

"மகனையா கேக்கிறா?" என்றார் அக்கா. "டேய் ரமணன், இஞ்ச வா மனே. உன்னத்தான் கேக்கிறா."

ரமணனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. வெட்கத்தோடு வந்து முன்னால் நின்றான். பிள்ளை அவனைப் பார்த்து அழத் தொடங்கினாள். பிறகு வாயைத் தொட்டுக் காட்டினாள். அவர்கள் மொழியில் சாப்பிடுவதற்கு அதுதான் சொல்லாம். பசியில் சோறு கேட்ட பிள்ளைக்கு நாங்கள் மாப்பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம்.

மறுநாள் துறையடியில் இதை நான் சொன்னேன். நான் சொல்லி யாரும் சிரித்தது அதற்கு முன் இல்லை. அன்று தோணிக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். "இன்னொருக்காச் சொல்லு" என்றார்கள். சொன்னேன். தேத்தண்ணிக் கடையிலும் சொன்னேன். பிறகு நான் போகும் இடமெல்லாம் அதையே கேட்டார்கள்.

நம்மிடத்தில் பெண்ணுக்குத் தம்பியின் மகளும் மருமகள்தான், மகன் கட்டிக்கொண்டு வருகிறவளும் மருமகள்தான். என் பகிடியும் அந்தச் சொல்லும் ஒன்று சேர்ந்துகொண்டன. "அக்கா வெளிநாட்டில இருந்து மருமகள் இறக்கியிரிக்கா." "பள்ளிக்கூடமா? பொடியனுக்குப் பொம்பிள தேடுற வேல மிச்சம்." இப்படியே ஊர் பேசியது. அக்கா அதைப் பொருட்படுத்தவில்லை. "மருமகளே, வா" என்று தலை வாரிவிடுவார். மெலாத்தி பள்ளிக்கூடத்தில் மாலதி ஆனாள். தமிழைக் கெதியாகப் பிடித்துக்கொண்டாள். பிடித்ததால்தான் வந்தது வினை.

ஏழாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு மத்தியானம் புத்தகப் பையை மூலையில் எறிந்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தாள். நான் முற்றத்தில் உமி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன்.

"மாமி, என்னப் படிக்கவா கூட்டி வந்த நீங்க, ரமணன் மச்சானுக்குக் கட்டி வைக்கவா?"

"ஆரு புள்ள உனக்கு இதச் சொன்ன?"

"வகுப்பில எல்லாரும் சொல்றாங்க. மச்சான் சைக்கிள்ல போனா, உன்ட மாப்பிள போறார் எண்டு கூவுறாங்க. சித்தப்பாதான் முதல் சொன்னவராம். நான் அம்மாட்டப் போறன்."

அக்கா வெளியே வந்து என்னைப் பார்த்தார். "நீயா தம்பி?"

மூட்டையைப் பிடித்தபடியே நின்றேன். ஏசியிருந்தால் ஆறியிருக்கும். அக்கா ஏசவில்லை. உள்ளே போய்ச் சோற்றைப் போட்டுப் பிள்ளையின் முன்னால் வைத்தார்.

"உன்ட அம்மாட்ட நான் பள்ளிக்கூடம் எண்டு சொல்லித்தான் உன்ன வாங்கி வந்த. வேற ஒண்டும் சொல்லல்ல. இனி நீ எனக்கு மருமகள் இல்ல, மகள். ரமணன் உனக்கு அண்ணன். சோத்தத் தின்."

ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை என்றுதான் நாங்கள் நினைத்தோம். மாலதி பெரிய பிள்ளையானபோது அது இல்லை என்று தெரிந்தது. சடங்கில் தலைக்குத் தண்ணீர் வார்க்க வேண்டியவர் மாமி. கூடப்பிறந்த மாமி அக்கா ஒருவர்தான். அவர் தேற்றாத்தீவிலிருந்து எங்கள் பெரியப்பாவின் மகளை அழைத்து அவர் கையில் செம்பைக் கொடுத்தார்.

"நீ நிக்கக்குள்ள நான் ஏன்டி வார்க்கிற? உனக்குக் கை முடமா?" என்றார் அவர்.

"மாமிதான் வார்க்கணும். நான் தாய்" என்றார் அக்கா. ரமணனை அழைத்துத் தமையன் இடத்தில் நிறுத்தினார். தம்பியின் மகளைத் தன் மகனுக்கு எடுக்கும் ஆசை அக்காவுக்கு இருந்ததோ என்று எனக்குத் தெரியாது. இருந்திருந்தால் அதை அன்று அந்தத் தண்ணீரோடு விட்டுவிட்டார்.

மாலதி இன்று தாதிப் பயிற்சியில் இருக்கிறாள். சிறுநீரகம் பழுதாகி அக்கா மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அவள் பயிற்சி முடிந்து நேரே கட்டிலடிக்கு வருவாள். பக்கத்துக் கட்டில் அம்மா, "இவ ஆரு?" என்று கேட்டபோது, "எண்ட மூத்தவன்ட தங்கச்சி" என்றார் அக்கா.

இவ்வளவும் தெரிந்த நான் மரண அறிவித்தலுக்கு விபரம் கொடுத்தபோது, முறைப்படி, "மாலதியின் அன்பு மாமியும்" என்று சொல்லிவிட்டேன். சந்தியில் கட்டிய பதாகையில் அப்படியே வந்தது. மாலதி அதன் கீழ் நின்று வாசித்தாள். அக்காவைப் போலவே என்னைப் பார்த்தாள். இரண்டாம் முறையும் என் வாயால்தான் அது வந்தது.

அக்காவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியர்களுக்கும், பந்தல் போட்ட இளைஞர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அயலவர்களுக்கும், பிந்தி வந்த உறவினருக்காகத் தோணியை நிறுத்தி வைத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தூரத்திலிருந்து தொலைபேசியில் அழுத அண்ணிக்கும் நன்றி. உங்கள் பிள்ளை படித்துவிட்டாள், அண்ணி.

உறவினர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மலரின் முதற்பக்கத்தில் அக்காவின் பிள்ளைகள் என்று ரமணன், மாலதி என இரண்டு பெயர்கள் இருக்கின்றன. முறை தெரியாமல் போட்டுவிட்டான் என்று நினைக்க வேண்டாம். அச்சுப் பிழையும் அல்ல.