உதவிப் பக்கத்தில் கிரேஸ் அக்காளின் குரல்

ஹெட்போனில் கிரேஸ் அக்காள் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் அவர் இறந்த செய்தி வந்தது. எங்கள் பில் மென்பொருளின் உதவிப் பக்கங்களில் ஆடியோ சரியாக ஓடுகிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தேன். "இப்ப பச்ச பட்டன அமுக்குங்க" என்று ஒரு காதில் அவர். மறு காதில், போனில் அவர் தம்பி: "அக்கா போயிட்டா தம்பி. நெஞ்சுவலி." ஆடியோவை நிறுத்தத் தோன்றவில்லை. பாடம் முடியும்வரை ஓடியது.

எங்கள் தளத்தில் இதைப் படிக்கும் கடைக்காரர்களில் பாதிப் பேர் அவரைப் பார்த்ததில்லை. குழித்துறையில் எங்கள் சிறிய அலுவலகத்தில், பில் வரவில்லை என்று பதறும் உங்களுக்கெல்லாம் நாள் முழுக்க போனில் வழி சொன்னவர் அவர். சிரித்தால் கீழே பேக்கரிக்குக் கேட்கும்.

மூன்று வருடங்களுக்கு முன் அவருக்குத் தொண்டை கெட்டது. பேச்சைக் குறைக்காவிட்டால் குரலே போய்விடும் என்றார் டாக்டர். முதலாளி வேலையை விட்டுவிடச் சொன்னார். அக்காள் என்னிடம் வந்து, "போன் வரது கொறஞ்சா நான் இங்கயே இருக்கலாம்லா?" என்றார்.

சரியான கேள்வி. நான் எழுதிய உதவிப் பக்கங்களை ஒருவரும் படிப்பதில்லை. அதில் எனக்குக் கோபமே உண்டு. படிக்காதவர்கள் கேட்கட்டும், பக்கத்துக்கு ஓர் ஆடியோ வைப்போம் என்று முடிவு செய்தேன். கம்ப்யூட்டர் குரல் ஒன்றைப் போட்டுக் காட்டினேன்.

"ரயில்வே ஸ்டேஷன்ல சொல்லுகது மாதிரில்லா இருக்கு! வண்டி லேட்டுன்னு நெனச்சுப் போயிருவாவ மக்கா. நானே பேசுகேன். ஒரு தடவ பேசுனா போதும்லா."

ஒரு நாளைக்கு இரண்டு பாடம், நடுவில் வெந்நீர். ஒவ்வொரு பாடத்தையும் "சாப்பிட்டியளா?" என்று தொடங்கினார். சரக்கு இருப்பைத் திருத்துவதற்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? அவரிடம் சொல்லாமல் எல்லாப் பாடங்களிலும் அதை வெட்டிவிட்டுத் தளத்தில் ஏற்றினேன்.

மறுநாள் போன் குறையவில்லை. கூடியது. திருவட்டாறு ஹார்டுவேர் கடைக்காரர் அக்காளிடமே கேட்டார்: "ஒமக்கு எங்க மேல என்ன கோவம்? எடுத்த எடுப்புல பட்டன அமுக்குன்னு சொல்லுகியளே?" மத்தியானத்துக்குள் இதே விசாரணை பல ஊர்களிலிருந்து. ஒவ்வொருவரையும் சமாதானப்படுத்தியதில் அக்காளின் தொண்டை கரகரத்துவிட்டது.

"ஏலே, என்னத்த வெட்டுன?" என்றார். சொன்னேன். "சாப்பிட்டியான்னு கேக்காம ஒருத்தன் காரியத்தச் சொன்னா, சண்டைக்கு வந்திருக்கான்னுதான் இங்க உள்ளவனுக்குத் தோணும். படிச்ச பய, இது தெரியாதா?"

தெரியவில்லை. அன்று மாலையே எல்லாவற்றையும் ஒட்டிச் சேர்த்தேன். அந்த வாரத்திலேயே போன் பாதியாகக் குறைந்தது. ஹார்டுவேர்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்து, "ஆச்சு அக்கா, புட்டும் பயறும்" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் பாடத்தைக் கேட்கிறாராம்.

முதலாளி அக்காளின் மேசையை எடுக்கவில்லை. டாக்டருக்கும் திருப்தி. ஆனால் போன் அடிக்காமல் அக்காளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவரே கடைக்காரர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். போனைப் பிடுங்கினேன். "எதுக்கு இந்த ஆடியோ எல்லாம் போட்டோம்?"

"ஒருத்தனும் விளிக்கல்லியே மக்கா. சொகமா இருக்கானுவளான்னு கேக்காண்டாமா?"

செய்தி தெரிந்ததிலிருந்து, அந்தக் குரலை எடுத்துவிடாதீர்கள் என்று பலர் சொல்கிறீர்கள். மென்பொருளின் திரை மாறாத பக்கங்களில் அது இருக்கும். மாறிய பக்கங்களில் எடுத்துவிடுவேன். இல்லாத பட்டனை அமுக்கச் சொல்லி உங்களை அலைக்கழித்தால் அக்காளே என்னைத் திட்டுவார்.

எனக்கென்று வைத்திருப்பது அவர் பேசியதில் பிழையான ஒலிப்பதிவுகள். வேண்டாததை உடனே அழிக்கிறவன் நான். இவற்றை ஏனோ அழிக்கவில்லை. ஒன்றில், பாதிப் பாடத்தில் வாய் குழறி, அடக்கமாட்டாமல் சிரிக்கிறார். மூச்சு வாங்கியபின், "இத ஏத்திராத, கேட்டியா" என்கிறார்.

ஏற்றவில்லை அக்கா. நான் மட்டும் கேட்கிறேன்.