சொட்டு மருந்து விடும் நாள்

அக்காவைத் தெருவே சோடாபுட்டி என்றுதான் கூப்பிட்டது. மைனஸ் ஒன்பது. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எதிரில் நிற்பது நானா அலமாரியா என்று தெரியாது. ஒருமுறை, "கேக்குறேன்ல, வாயத் தொறந்து பதில் சொல்லேண்டி" என்று அலமாரியைத் திட்டியிருக்கிறாள்.

அப்படிப்பட்டவளுக்கு பஸ் ஓட்ட ஆசை. வீட்டில் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. இருபத்து நாலு வயதில் கண்ணில் லேசர் சிகிச்சை செய்துகொண்டாள். மறுநாள் காலை ஜன்னலில் நின்று, எதிர்மாடிக் கொடியில் எத்தனை கிளிப் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் அன்றே சொன்னார். "கண்ணாடிதாம்மா போச்சு. உள்ள இருக்கிற விழித்திரை அதே மெலிசுதான். வருஷா வருஷம் சொட்டு மருந்து விட்டுப் பாத்துடணும்."

நாங்கள் எங்கே கேட்டோம்? கண்ணாடி போனால் நோயும் போயிற்று என்றுதானே நினைத்தோம்.

அக்கா ஒரு தொழிற்சாலையின் ஊழியர் பஸ்ஸை ஓட்டினாள். பதினோரு வருடம், ஒரு கீறல் கிடையாது. முதல் மூன்று வருடம் பரிசோதனைக்குப் போனாள். சொட்டு மருந்து விட்டால் சாயங்காலம் வரை கண் கூசும், வண்டியைத் தொடக் கூடாது. வண்டி ஓட்டாத நாளில் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. அதனாலேயே தள்ளிப்போட ஆரம்பித்தாள்.

போன வருடம் வலது கண்ணோரம் மின்னல் மாதிரி ஏதோ வெட்டியது. "லேசர் பண்ணின கண்ணு, அப்படித்தான் இருக்கும்" என்றாள். ஆனாலும் பயந்துபோய் லீவு போட்டு, ஆஸ்பத்திரியில் நேரமும் வாங்கினாள். அன்றைக்குத்தான் நான் வீடு மாறினேன்.

"அக்கா, வேன் ஓட்ட ஆள் இல்ல. கண்ண அடுத்த மாசம் காட்டிக்கக் கூடாதா?"

கேட்டது நான்தான். இந்த வாய்தான்.

இரண்டே வாரத்தில், ஓட்டிக்கொண்டிருக்கும்போதே வலது கண்ணில் கீழிருந்து கறுப்பாக ஏறியது. பஸ்ஸை ஓரங்கட்டி, நாற்பது பேரையும் பத்திரமாக இறக்கி, வேறு டிரைவர் வந்த பிறகுதான் எனக்கு போன் செய்தாள். விழித்திரை கழன்றிருந்தது. இரண்டு ஆபரேஷன் செய்தும் அந்தக் கண் வரவில்லை. லைசென்ஸும் போயிற்று. என்னை அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம்.

இப்போது மீதிக் கண்ணின் பரிசோதனைக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். நேற்று புதிதாக ஒரு நர்ஸ் சொட்டு மருந்து விட்டுவிட்டு, "சாயங்காலம் வரைக்கும் வண்டி ஓட்டாதீங்கக்கா" என்றாள்.

"சரிம்மா, ஓட்டல" என்றாள் அக்கா, சமர்த்தாக.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டிருக்க வேண்டும். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"மருந்து எனக்குத்தானே விட்டாங்க. உனக்கு ஏண்டி கண்ணுல தண்ணி வருது?"