வைரவருக்குப் போன நாலாம் பாத்தி

நெடுங்கேணியில் எங்கள் காணியில் ஐந்து இன உழுந்தை விதைத்துப் பார்க்கலாமா என்று விவசாயப் போதனாசிரியை கேட்டபோது நான் ஓம் என்றேன். எந்த இனம் இந்த மண்ணுக்கும் மழைக்கும் ஒத்துவரும், எது கூடுதலாக விளையும் என்று பார்த்து, நல்லதை ஊருக்குக் கொடுப்பார்களாம். ஐந்து பாத்தி, ஒவ்வொன்றின் தலையிலும் இலக்கம் எழுதிய தடி.

"ஐயா, விளைச்சலை நிறுத்து முடியிற வரைக்கும் ஒரு காயும் ஆயக்கூடாது. விளங்கினதே?"

"ஓம் பிள்ளை."

நாலாம் பாத்தி மற்றவற்றுக்கு முந்தியே முற்றிக் கறுத்துவிட்டது. பக்கத்துக் காணிக்காரி தினமும் வேலியோரம் வந்து அதைப் பார்ப்பார். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம், புருஷன் இல்லை. அவருடைய காணி பள்ளம். முந்திய தை மழையில் அவருடைய உழுந்து காய்க்குள்ளேயே முளைத்துப் போனது.

"அண்ணே, இந்த நாலாம் நம்பரு மழைக்கு முந்தி வீட்டுக்கு வந்துரும். இது கெடைச்சா நான் பொழச்சிக்குவேன்."

"கிடைக்கும் தங்கச்சி. ஆனா ஊரே வரிசையில நிக்கும்."

"எனக்கு மொதல்ல குடுக்காட்டி வேலியப் பிரிச்சிட்டு வந்துருவேன்" என்று சிரித்தார்.

எங்கள் வீட்டில் முதல் விளைந்த உழுந்து வைரவருக்கு. வடைமாலை சாத்தாமல் ஒரு தோசைகூடச் சுட்டதில்லை. அந்த வருஷம் அந்த ஐந்து பாத்தியைத் தவிர எங்களிடம் வேறு உழுந்து இல்லை. வெள்ளிக்கிழமை விடியமுன் முழுகிவிட்டு, நாலாம் பாத்தியில் முற்றிய காயெல்லாம் ஆய்ந்தேன். போதனாசிரியை சொன்னது நினைவில் இருந்தது. கடவுளின் பங்கு நிறுவையில் சேராது என்று மனதார நம்பினேன். மனைவி அரைத்துச் சுட்டார். சாத்திய மாலையில் இரண்டு வடையை வேலிக்கு மேலால் பக்கத்துக் காணிக்காரிக்கும் கொடுத்தோம். நல்ல வடை என்றார்.

நிறுத்தபோது நாலாம் பாத்திதான் எடையில் கடைசியாக வந்தது. போதனாசிரியை தராசை இரண்டு தரம் பார்த்தார்.

"காய் நிறையக் கிடந்ததே ஐயா. மயில் திண்டதோ?"

"மயில் வாறதுதான்" என்றேன். முருகனின் வாகனத்தின் தலையில் என் பொய்யைக் கட்டினேன். விதையெல்லாம் பைகளில் ஏறிப் போய்விட்டது.

ஊருக்கு வந்தது இரண்டாம் இலக்கம். கூடுதலாக விளையும், ஆனால் முற்றப் பிந்தும். நாலாம் இலக்கத்தை விளைச்சல் குறைவென்று கழித்துவிட்டார்களாம். அடுத்த தையில் நாலு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் பக்கத்துக் காணிக்காரி தன் பள்ளத்தில் சேற்றுக்குள் நின்று காய்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முளைத்திருந்தது. அங்கேயே நின்று உள்ளதைச் சொன்னேன்.

"சாமிக்குத்தானே குடுத்தீங்க. அதுல குத்தமில்ல." கையிலிருந்த காயைச் சேற்றில் போட்டார். "அந்த மிஸ்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அண்ணே. மயிலு மேல போட்டுட்டீங்களே."

மறுநாளே பஸ் ஏறி விவசாயக் கந்தோருக்குப் போனேன். போதனாசிரியை மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கழிச்ச விதை இஞ்ச இல்லை ஐயா" என்றார்.

இந்த வருஷமும் வடைமாலை சாத்தினோம். வைரவருக்கு முன்னால் நின்றபோது என்ன கேட்பதென்று தெரியவில்லை. வழக்கம்போல இரண்டு வடையை வேலிக்கு மேலால் நீட்டினேன். அவர் வாங்கிக் கண்ணில் ஒற்றினார். சாப்பிடாமல் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு பள்ளத்துக்குள் இறங்கிப் போனார்.