வலப்பக்கத்து இன்ஜின் ரூம்

நான் ஏறிய ஒரே கப்பல் ஏற்காடு ஏரியில் விடுகிற மிதிபடகுதான். பாதி ஏரி தாண்டுவதற்குள் எனக்குத் தலை சுற்றிவிட்டது. மீதியை என் மனைவி மிதித்தாள். அப்படிப்பட்ட நான்தான் இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்களில் நடந்த கடற்சண்டைகளுக்கு நாகலூரில் ஒரே நிபுணன். போட்டிக்கு ஆளில்லாததால் கிடைத்த பதவி.

நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவனுக்கு ஒரு குறை உண்டு. படித்தவர்கள் சிரித்தார்களா என்று கடைசிவரை தெரியாது. என் காப்பிக் களத்தில் அந்தக் குறை தீர்ந்தது. தை மாதத்தில், காயப்போட்ட கொட்டையைத் தள்ளிவிட்டு எல்லோரும் டீ குடிக்க உட்கார்ந்ததும் நான் ஆரம்பித்துவிடுவேன். கொட்டைதான் கடல். என் இடதுகால் செருப்பு ஜப்பானின் மிகப் பெரிய போர்க்கப்பல். ஒரு பிடி மிளகு, அமெரிக்க விமானங்கள். கூலி கொடுக்கிறவன் கதை சொன்னால் சிரிக்கத்தானே வேண்டும் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

களத்தில் காயும் கொட்டையைக் கிளறிவிடப் பலகை இழுக்கும் அக்கா, என் வயதுக்காரர், எல்லா வருடமும் கேட்டவர். போன வருடம் ஒருநாள் மற்றவர்கள் எழுந்து போனபிறகு நின்றார்.

“ஏனுங்க சார், அந்தக் கப்பல் கதைய எம் பையனுக்கும் சொல்லோணுமுங்க.”

“சொல்லிட்டாப் போச்சுங்கக்கா.”

“சிரிக்க வெக்காதீங்க. பயப்பட வெக்கோணும்.”

பையன் சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை. லீவில் வந்திருந்தான். அடுத்த வாரம் திரும்பவும் ஏற வேண்டும். போகிற வழியில் கப்பல்கள்மேல் ஏவுகணை விழுவதை டிவியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். “நாஞ் சொன்னா சிரிக்கறானுங்க. படிச்சவரு சொன்னா நிப்பான்” என்றார் அக்கா. படித்தவன் சொல்லி யாராவது எதையாவது நிறுத்தியதாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். கதை சொல்லக் கூப்பிட்டால் நான் மறுப்பவனில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். களத்து ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, செல்போனை எடுத்துப் பதிவு பண்ண ஆரம்பித்தான். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

ஒகினாவா தீவில் அமெரிக்கப் படை இறங்கிவிட்டது. ஜப்பான் சிப்பாய்கள் குகைகளில் பதுங்கிக் கிடக்கிறார்கள். இந்தக் கப்பலுக்கு உத்தரவு: தீவுக்குப் போ, கரையில் தரைதட்டி நில், கோட்டை மாதிரி நின்று சுடு, குண்டு தீர்ந்தால் இறங்கித் தரைச் சண்டையில் சேர்ந்துகொள். காவலுக்கு ஒரு விமானம்கூடக் கிடையாது.

“கரையில ஏத்தறதா?” என்று பையன் சிரித்தான். “எங்க கேப்டனு கேட்டா நெஞ்சப் புடிச்சுக்குவாரு சார்.”

மிளகைத் தூவினேன். விமானங்கள் தண்ணீருக்குள் விட்ட டார்பிடோக்கள் பெரும்பாலும் இடப்பக்கமே தைத்தன. செருப்பை இடப்பக்கம் சாய்த்தேன். அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த கட்டம். கப்பல் கவிழாமல் இருக்க ஒரு யுக்தி. வலப்பக்கத்து அறைகளில் தாங்களே கடல் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள்; எடை சமமாகி, கப்பல் நிமிர்ந்தது. ஒரு பக்கம் சாய்கிற லாரிக்கு மறுபக்கம் மூட்டை ஏற்றுகிற மாதிரி. செருப்பின் வலப்பக்கம் ஒரு பிடி கொட்டையை வைத்தேன். வழக்கமாக இந்த இடத்தில் “அட, மூளையப் பாரு!” என்று ஒரு குரல் வரும்.

வரவில்லை. பையன் பதிவை நிறுத்தியிருந்தான்.

“இந்தப் பக்கம் என்ன ரூம் சார்?”

“பாய்லர் ரூம். இன்ஜின் ரூம்.”

“ஓடிட்டிருந்த இன்ஜினுங்களா?”

“ஆமா.”

“அப்ப உள்ளார ஆளுங்க இருந்திருப்பாங்களே.”

இருந்தார்கள். அது எனக்குத் தெரியும். புத்தகத்தில் அந்த வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன், யுக்தியை மெச்சி. வருடா வருடம் களத்தில் சொல்லியிருக்கிறேன். ஒருமுறைகூட அந்த அறைக்குள் ஒரு முகத்தை நான் வைத்ததில்லை. இப்போது எதிரில் ஒரு முகம் இருந்தது. என் வாய் பழக்கதோஷத்தில் திறந்தே இருந்தது.

“அவங்களுக்குச் சொன்னாங்களா?”

“போன்ல எச்சரிச்சதாப் படிச்சேன். ஆனா அவங்க வெளிய வர்றதுக்குள்ள தண்ணி வந்துருச்சுன்னும் படிச்சேன்.”

“தொறந்து உட்டது சொந்த ஆளுங்க.”

“ஆமா.”

“அப்பறம் கப்பலு நின்னுச்சுங்களா?” இது அக்கா. பலகையைப் பிடித்தபடி பின்னால் நின்றிருந்தார்.

“கொஞ்ச நேரம்.”

மூவாயிரத்துச் சொச்சம் பேரில் முந்நூறு பேர்கூடத் தேறவில்லை என்று வழக்கமாக இங்கே முடிப்பேன். இந்தமுறை அதை விட்டுவிட்டேன்.

“போதுங்க சார். செருப்பப் போட்டுக்கோங்க” என்றார் அக்கா. பிறகு பையனிடம், “போகாத சாமி.”

“கையெழுத்துப் போட்டாச்சும்மா. போயித்தான் ஆகோணும்.” சற்றுமுன் சிரித்த குரல் இல்லை அது. பயந்தவன் நின்றுவிடுவான் என்றுதான் நானும் அக்காவும் நம்பியிருந்தோம். அவன் பயந்தான். போகவும் போகிறான்.

சாயங்காலம் கைகழுவும் குழாயடியில் அக்கா என்னிடம் கோபமில்லாமல்தான் சொன்னார்: “இத்தன நாளு நா மட்டுந்தான் பயந்துட்டிருந்தனுங்க. அவன் சிரிச்சுட்டே போவான். இனி ரெண்டு பேருமுங்க.” திட்டியிருந்தால் ஏதாவது வேடிக்கையாகப் பதில் சொல்லித் தப்பித்திருப்பேன்.

அவன் கிளம்பிய அன்று பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். அக்கா பையைச் சீட்டில் வைக்க உள்ளே ஏறியதும், அவன் என்னை ஓரமாக அழைத்தான்.

“அம்மா ராத்திரி முச்சூடும் கேட்டாங்க சார், உன்ற வேல எந்தப் பக்கம்னு. எடப்பக்கம்னு சொல்லி வெச்சிருக்கறேன். எங்க கப்பல்ல பக்கமே கெடையாதுங்க. ஒரே இன்ஜினு, நடுவுல. நீங்க பாட்டுக்கு வெளக்கிராதீங்க.”

சரி என்றேன்.

இந்த வருடமும் கொட்டை காய்கிறது. களத்தின் மேற்கு மூலையில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே வைத்திருக்கும் போன் மணி அடித்ததும் அக்கா பலகையைப் போட்டுவிட்டு ஓடுவார். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். முன்பெல்லாம் முதல் கேள்வி சாப்பிட்டாயா என்பது. இப்போது அது இரண்டாவது.

“இன்னிக்கு எந்தப் பக்கம் கண்ணு?”

“எடப்பக்கந்தாம்மா.”

அக்கா திரும்பி வந்து பலகையை எடுக்கிறார். நான் குனிந்து, ஏற்கெனவே காய்ந்துவிட்ட கொட்டையையே, காய்ந்ததா என்று மறுபடி மறுபடி கடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.