சீருடைக்குப் போர்த்திய பொன்னாடை

இராஜகுமாரி வத்தேகமயில் பிறந்து மஹய்யாவயில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் இறந்த பிறகு அவர் பார்த்த மாநகர சபைத் துப்புரவு வேலை அவளுக்குக் கிடைத்தது. அதை வைத்துத்தான் மகள் நிஷாந்தியை உயர்தரம் வரை படிக்க வைத்திருக்கிறாள். யாரிடமும் கையேந்தியதில்லை, யாருக்கும் பயந்ததுமில்லை. அந்தப் பயமில்லாத வாய்தான் வினையாகிவிட்டது.

சந்தைக்கு முன்னால் அவள் துப்புரவு செய்யவேண்டிய கழிவுநீர்க் கானை மறித்து நின்றது சபை உறுப்பினர் ராஜலிங்கத்தின் வாகனம். "கொஞ்சம் எடுங்க சார்" என்றாள்.

"குப்ப கூட்டுறவளுக்கு இம்புட்டுத் திமிரா?" என்று ஊர் கேட்கக் கத்தினார் மனிதர். கத்தியதோடு விட்டாரா? அவள் மரியாதைக் குறைவாகப் பேசியதாக முறைப்பாடும் கொடுத்தார். விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று சபையில் சீருடையைக்கூட வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

யாரோ எடுத்த வீடியோ பேஸ்புக்கில் ஏறியதும் எதிர்க்கட்சிக்காரர்களுக்கு ரத்தம் கொதித்தது. "எங்கள் தாயை அவமதித்துவிட்டான்!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். அந்தத் தாயின் வீட்டுக் கூரை வருஷக்கணக்காக ஒழுகுவது மட்டும் ஒருவர் கண்ணிலும் பட்டதில்லை.

எதிர்ப்புக் கூடவே, ராஜலிங்கம் மன்னிப்புக் கேட்கக் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார். மைக், கேமரா எல்லாம் வந்தன. இராஜகுமாரி நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். மன்னிப்பு யாருக்கு வேண்டும்? முறைப்பாட்டை அவர் திரும்ப வாங்கினால் போதும், வேலைக்குப் போகலாம்.

"யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்" என்று குரல் தழுதழுக்கப் பேசிவிட்டு, பொன்னாடையோடு மேடையை விட்டு இறங்கினார். நேரே வந்தவர் அவளைத் தாண்டிப் போனார். அவளோடு துப்புரவு வேலை பார்க்கும், வேலை முடிந்து சீருடையோடு வந்திருந்த அன்னலட்சுமிக்கு அதைப் போர்த்திக் கும்பிட்டார். வெட்கங்கெட்ட மனிதர்! சீருடையைப் பறிக்க வைத்ததே அவர்தான். அது இல்லாமல் ஆளையே அடையாளம் தெரியவில்லை.

"ஐயோ, நான் இல்லைங்க சார். அந்தா, முன்னுக்கு இருக்கிற அவங்க" என்று பதறினாள் அன்னலட்சுமி.

ராஜலிங்கம் சிரிப்பு மாறாமல், "எல்லாத் தாய்மாரும் எனக்கு ஒண்ணுதாம்மா" என்றார். கட்சிக்காரர்கள் கைதட்டினார்கள்.

இராஜகுமாரி எழுந்து நின்றாள்.

"எல்லாரும் ஒண்ணுன்னா, முறைப்பாட மட்டும் எதுக்குங்க சார் எம் பேர்ல குடுத்தீங்க? அத வாபஸ் வாங்குங்க."

"அதெல்லாம் ஆபீஸ்ல பேசிக்குவோம்மா" என்றபடி அவர் வாகனத்தில் ஏறிவிட்டார்.

எதிர்க்கட்சிப் பையன் ஒருவன் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "அக்கா, இப்ப சொன்னத இன்னொருக்கா அழுதுகிட்டே சொல்லுங்க."

"அழுதா வேல கெடைக்குமா தம்பி?"

அவன் போனைத் திருப்பிக்கொண்டு அன்னலட்சுமியிடம் போனான்.