டீசலில் தண்ணீர் கலந்த கல்யாணம்

போன வாரம் மகனுடைய கார் குன்னூரில் மக்கர் பண்ணியது. டீசலில் தண்ணீர் கலந்திருப்பதாக ஒரு மஞ்சள் விளக்கு எரிந்ததாம். சர்வீஸ் சென்டரில், "உள்ள உட்காருங்கம்மா, காபி தர்றோம்" என்று என்னைக் கண்ணாடி அறைக்குள் அனுப்பிவிட்டார்கள். காபி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கதவு திறக்கும்போதெல்லாம் டீசல் வாசம் வந்ததா, எனக்கு என் கல்யாணம் ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். சிலருக்கு மல்லிகைப்பூ, எனக்கு டீசல்.

அப்போது கோத்தகிரிப் பக்கம் அரவேணுவுக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில், கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. மாப்பிள்ளைக்கு வெலிங்டனில் வேலை. சர்ச்சும் அங்கேதான். அவருடைய அம்மாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் அவ்வளவு இஷ்டமில்லை. "எஸ்டேட்காரங்க எதுக்கும் நேரத்துக்கு வரமாட்டாங்க" என்று நிச்சயதார்த்தத்திலேயே சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். "உங்களுக்கு முன்னாடி நாங்க வந்து நிப்போம், பாருங்க" என்று சொல்லித் தொலைத்தேன்.

கல்யாணத்தன்று காலையில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் எஸ்டேட் வேனில் அடைந்துகொண்டு கிளம்பினோம். நல்ல மழை. கோத்தகிரி தாண்டி ஓர் ஏற்றத்தில் வேன் இருமியது, குலுங்கியது, நின்றேவிட்டது. என்ஜின் முன்சீட்டுகளுக்கு நடுவில்தான். டிரைவர் மணியண்ணன் மூடியைத் தூக்கி, ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தி, ஒழுகியதை ஒரு டம்ளரில் பிடித்தார். மேலே மஞ்சளாக டீசல், அடியில் தெளிவாகத் தண்ணீர்.

"டீசல் பேரல் மழையில நின்னுதுங்க. மூடி வழியா எறங்கியிருக்குது."

"ஃபாதர் அடுத்த கல்யாணத்துக்குப் போயிருவாரே மணி!" என்றார் அப்பா.

"தண்ணிய வடிச்சுட்டு, உள்ள இருக்கற காத்தையும் எடுக்கோணுமுங்க. யாராச்சும் இந்தக் கைப்பம்ப அமுக்குனாச் சீக்கிரம் ஆயிரும்."

கைப்பம்ப் என் முழங்காலை ஒட்டி இருந்தது. வேறு யாராவது முன்னால் வரவேண்டுமென்றால் நான் இறங்கவேண்டும். வெளியே சேறு, உடம்பில் வெள்ளைப் பட்டு. முக்காட்டைப் பின்னால் தள்ளிவிட்டு அமுக்க ஆரம்பித்தேன். டீசல் நுரை நுரையாகப் பொங்கியது. நிச்சயதார்த்தத்தில் பேசிய பேச்சு நினைவுக்கு வர வர, இன்னும் வேகமாக அமுக்கினேன். நுரை அடங்கியது. "போதும் கண்ணு!" என்று மணியண்ணன் சாவியைத் திருப்பினார். வேன் உறுமியதும், பின்னால் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த சித்தி பாதியில் நிறுத்திவிட்டுக் கைதட்டினார்.

சர்ச் வாசலில் குடையோடு மாமியார் நின்றார். திட்டு வாங்கத் தயாராகி இறங்கினேன். ஆனால் அவரோ உள்ளே பார்த்து, "ஃபாதர், நான் சொன்னேன்ல? பொண்ணு வந்துட்டா!" என்று கத்தினார். அதுவரை ஃபாதரைப் போகவிடாமல் பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைத்திருந்ததே அவர்தானாம்.

என் கையைப் பிடித்தவர் மூக்கைச் சுளித்தார். "என்னம்மா இது நாத்தம்?"

சொன்னேன். தன் புதுச்சேலை முந்தானையாலேயே என் விரல்களைத் துடைத்தார். "சரி விடு, மோதிரம் சுலபமா ஏறும்."

ஏறியது.

அந்த எஸ்டேட்டில் இப்போது வேன் கிடையாது. அது நின்ற ஷெட் இருந்த இடத்தில் சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதி. கல்யாணங்களுக்கு ஆளுக்கொரு காரில் வருகிறார்கள்; முந்தி வந்தவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு மற்றவர்களுக்காகக் காத்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரே வண்டியில் போன நாட்களில், தாமதமென்றால் அத்தனை பேரும் சேர்ந்தே தாமதமாவோம். யாரும் தனியாகத் தவித்ததில்லை.